இறங்கிய சக்கரம்

எஸ்டேட்டின் புல்வெளிக்கு மேல் விமானம் தாழப் பறந்து வரும்போது, அதன் சக்கரங்களைப் பார்த்துத் துணி காட்டுவது சின்னம்மையின் வேலை. மூன்றும் இறங்கியிருந்தால் வெள்ளை, இல்லையென்றால் சிவப்பு. விமானத்துக்குள் அதைக் காட்டும் விளக்கு எரிவதில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் எதையும் பழுது பார்ப்பதில்லை. முதலாளி ராஜரத்தினம் கோயம்புத்தூரிலிருந்து தானே விமானம் ஓட்டி வருவது மட்டும் நிற்கவில்லை.

அன்று இடது சக்கரம் பாதியில் மடங்கி நின்றது. சின்னம்மை சிவப்பைத் தூக்கினாள்.

விமானம் மேலேறி இத்தலார் ஊர்ப் பக்கம் வட்டமடித்துத் திரும்பியது. உள்ளே ராஜரத்தினம் சக்கரத்தை இறக்கும் கைப்பம்பை அடித்திருப்பார் போலும். இப்போது மூன்று சக்கரமும் நேராக நின்றன.

"எறங்கிருச்சு அக்கா! வெள்ளையக் காட்டுங்க," என்றான் வாட்ச்மேன் வடிவேல்.

அவள் சிவப்பை இறக்கவில்லை.

"கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

"நல்லாத் தெரியுது. நீ பேசாம நில்லு."

போன ஆடியில் அவள் கணவன் ரவிச்சந்திரன் மூச்சிழுத்துக் கிடந்தான். ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் கேட்டு பங்களா வாசலில் நின்றாள். "ஜீப் இல்லம்மா, ரிப்பேருக்குப் போயிருக்குது," என்றார் ராஜரத்தினம். கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் மூச்சு நின்று கம்பளி கனத்துவிட்டது. திரும்பி வரும்போது ஷெட்டுக்குள் ஜீப் நின்றது. டீசலை மிச்சம் பிடிக்கிறாராம்.

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"பனி மூடுனா தொரை செத்துருவாரு அக்கா. திரும்பிப் போக எண்ணெயும் இருக்காது."

"அங்கன சுத்திக்கிட்டு இருக்கட்டும். காத்துக் கெடக்குறது எப்பிடின்னு பாக்கட்டும்."

வடிவேல் வெள்ளைத் துணியைப் பிடுங்க வந்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாம் முறை வந்தபோதும் சிவப்புதான். ராஜரத்தினம் மூன்று சக்கரங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு பக்கம் மடங்கிக் கவிழ்வதைவிட வயிற்றால் தேய்த்து இறங்குவதே மேல் என்று நினைத்திருப்பார். சின்னம்மையின் கை இடுப்பிலிருந்த வெள்ளைத் துணிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

விமானம் புல்லைக் கிழித்துக்கொண்டு போய்த் தேயிலைச் செடிகளில் மோதியது. ஒரு இறக்கை பிய்ந்து விழுந்தது. ராஜரத்தினம் நெற்றியில் ரத்தத்தோடு தவழ்ந்து வெளியே வந்தார்.

"சின்னம்மா, நீ செவப்பக் காட்டலீன்னா செத்தே போயிருப்பேன். நீ நல்லாருக்கோணும்."

அவள் பேசாமல் இருந்திருந்தால் அவர் ஆயுசுக்கும் கும்பிட்டிருப்பார். அந்தக் கும்பிடு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"சக்கரம் ரெண்டாந்தரமே எறங்கிருச்சுங்க தொரை. நல்லாத்தான் நின்னுச்சு."

"அப்பறம் ஏன்..."

"ஜீப்பும் ஷெட்டுல நல்லாத்தான் நின்னுச்சு."