வக்காக் குஞ்சின் இறகு

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகலில் அன்புச்செல்வி கத்தரிக்கோலைத் துடைத்தாள். பஞ்சில் சிவப்பு ஒட்டியது. திருகாணி இடுக்கிலிருந்து வந்த சிவப்பு.

அது 1998 கார்த்திகை. அடையாற்றில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வக்கா என்ற இராக்கொக்கின் குஞ்சுகளுடைய இறகில் பாதரசம் அளந்துகொண்டிருந்தாள். நகருக்கு வடக்கே ஒரு தனியார் அனல் மின் நிலையம். நிலக்கரியில் இருந்த பாதரசம் புகையோடு போய்க் கழிமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து மீனுக்கு, மீனிலிருந்து வக்காவுக்கு. குஞ்சுகள் தலை நிற்காமல் கூட்டிலேயே செத்தன. இரண்டாவது கொதிகலனைப் பற்றவைக்குமுன் புகைக்கு வடிகட்டி போட வைக்க வேண்டும். அதற்கு அவளிடம் இருந்தது இந்த அளவுகள் மட்டும்.

“தங்கவேல், இது என்ன?”

உதவியாளர் தங்கவேல் எட்டிப் பார்த்தார். “பொட்டு மேடம். ஆயுத பூஜைக்கு வெச்சது.”

“குங்குமம் இப்படி ஒட்டாதே.”

“குங்குமம் எங்க நிக்குது? ரெண்டே நாள்ல உதுந்துரும். மாம்பலத்துல செந்தூரம் வாங்கி எண்ணெயில கொழச்சு வெச்சேன். மெஷினு, கத்திரி, அரைக்கிற கல்லு, ஒண்ணு வுடல. ஸ்ரீரங்கன் சார் சேருக்குக்கூட வெச்சுகீறேன். அவரும் ஆயுதந்தான?”

சில செந்தூரங்கள் பாதரசத்தில் செய்யப்படுபவை. மிச்சமிருந்ததை வாங்கிக் கரைத்துக் கருவியில் வைத்தாள். முள் கடைசி வரை போய் நின்றது.

தங்கவேலின் சிரிப்பு போய்விட்டது. “நான் இன்னாத்தக் கண்டேன் மேடம்?”

“நானும்தான் கற்பூரம் ஒத்திக்கிட்டு நின்னேன்.”

போன தையில் எடுத்து வந்த இறகுகளில் பூஜைக்கு முன் வெட்டியவை இரண்டு குஞ்சுகளுடையவை மட்டும். மற்றதெல்லாம் பிறகு வெட்டியவை. எல்லாவற்றையும் அரைத்துக் கரைத்தாகிவிட்டது. மறுபடி அளக்க ஓர் இறகுகூட இல்லை.

துறைத் தலைவர் ஸ்ரீரங்கன் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்த ரெண்டுலயும் ஜாஸ்தியாத்தானே இருக்கு?”

“ஜாஸ்திதான் சார்.”

“அப்போ பாதரசம் இருக்கறது நிஜம். பேசாம இரு.”

“மத்ததுல இறகோடது எவ்வளவு, செந்தூரத்தோடது எவ்வளவுன்னு கேட்டா?”

“யார் கேக்கப்போறா? அவா ஆத்துலயும் ஆயுத பூஜை உண்டு. எவனுக்காவது தோணித்தா? நமக்கே தோணலையே.”

அவள் அந்த இரண்டு அளவுகளை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் நந்தனத்தில், மின் நிலையம் பற்றிய விசாரணைக் குழுவின் முன், இரண்டு குஞ்சுகளின் அளவை மட்டும் படித்தாள். மற்றவை கெட்டுவிட்டன என்றாள். எப்படி என்று கேட்டார்கள். சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மின் நிலையத்தின் வக்கீல் சந்திரமௌலி சிரிக்கவில்லை.

“ரெண்டு பறவைக்காக ஊருக்கே கரண்ட் கிடையாதுன்னு சொல்ல முடியுமாம்மா?”

“கரண்ட் வேணாம்னு சொல்லலைங்க. வடிகட்டி போடுங்கன்னுதான் சொல்றேன்.”

“வேற இறகு எப்போ கிடைக்கும்?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

“தையில. குஞ்சு பொரிச்ச பிறகு.”

தலைவர் இரு பக்கமும் குனிந்து பேசினார். இரண்டாவது கொதிகலன் எரியலாம். வடிகட்டி பற்றிப் புது அளவு வந்ததும் முடிவு செய்யலாம்.

வெளியே அண்ணா சாலையில் தூறல். ஸ்ரீரங்கன் குடையை விரித்து அவள் பக்கம் சாய்த்தார்.

“விடு. தையில எல்லாத்தையும் புதுசா எடுத்துடலாம். அப்போ கொதிகலனும் ரெண்டு. அளவு இன்னும் தெளிவா வரும், பாரு.”

“வரும் சார்,” என்றாள் அன்புச்செல்வி. “அதுக்குள்ள குஞ்சுங்க அந்த மீனச் சாப்பிட்டிருக்கும்.”