மல்சுன் கலந்த மருந்து

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அது என் மனைவி மல்சுனுக்கு முப்பத்திரண்டு வருடமாகத் தெரியும். ஆனாலும் இந்த ஆகஸ்டில் நான் பேசியது அநியாயம்.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு மாதம் இருந்தது. சிவக்க ஆரம்பித்த ஆப்பிள்களில் பழுப்புப் புள்ளி விழுந்து, குழிந்து, அழுகிக்கொண்டே போயிற்று. பாதிப் பழம் தரையில். எங்கள் தோட்டத்தில் மருந்தை அளந்து தொட்டியில் கலப்பவள் அவள். வண்டியோட்டித் தெளிப்பவன் நான்.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? வெறும் தண்ணியத்தான் அடிச்சிருக்கேன்!" என்று பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் காதுபடக் கத்திவிட்டேன்.

ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறவள் அன்று மருந்து டப்பாவில் போட்டிருந்த அளவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கிம்ச்சி ஊறுகாய்க்கு உப்புப் போடும்போதுகூட, "அளவு சரியான்னு பாருங்க" என்று கரண்டியை நீட்டினாள்.

அழுகிய பழங்களை ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சொல்ஹீ என்ற பெண் வட்டத் தட்டுகளை வரிசையாக வைத்தாள். பழத்திலிருந்து எடுத்த பூஞ்சையை மருந்திலேயே வளர்த்துப் பார்த்திருந்தாள்.

"இது நீங்க அடிக்கிற அளவும்மா. இது பத்து மடங்கு. இதுலயும் எப்படி ஜோரா வளந்திருக்கு பாருங்க! இந்த மருந்து அதுக்குப் பழகிப்போச்சு."

"அப்ப நான் கொறச்சுக் கலந்ததால இல்லையா?"

"இல்லவே இல்லம்மா."

மல்சுன் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரே மருந்த எத்தன வருஷமா அடிக்கிறீங்க?"

ஆறு வருடம். மாற்றலாம் என்று வருடா வருடம் மல்சுன் சொன்னாள். கேட்கிற மருந்தை எதற்கு மாற்றுவது என்று அடக்கியவன் நான்.

மல்சுன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் வாங்கினோம்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "பொய் சொல்றா! மாத்துங்க மாத்துங்கன்னு கெஞ்சினா. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? அன்னைக்குக் கேட்டவங்க ஊர்லதான இருக்காங்க?"

திரும்பும் வழியில் பக்கத்துத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மல்சுன் இறங்கவில்லை, வண்டி ஜன்னலை மட்டும் முழுசாக இறக்கிவிட்டிருந்தாள்.