ரோஸ் வந்தால் அடுத்த படகு

நோரீன் லாஹ்தி என்ஜின் அறைக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். படகின் தள விளிம்பு வயிற்றில் அழுந்தியது. இடது கை என்ஜினின் அடிவரை போய்ப் பித்தளைத் திருகைத் தேடியது. அந்த இடத்தில் ஸ்பானர் திரும்பாது. கடைசி இரண்டு சுற்றை விரலால்தான் கழற்ற வேண்டும். திருகு கையோடு வந்தும் தண்ணீர் வரவில்லை. துருத் துகள் அடைத்திருந்தது. வளைத்து வைத்திருந்த கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் குத்தினாள். ஏரித் தண்ணீர் பீறிட்டு, சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள்வரை ஓடியது.

பக்கத்து வரிசையில் ஒரு என்ஜின் உறுமியது. அரை நிமிடம்கூட ஓடவில்லை, நின்றுவிட்டது.

"பதினெட்டு" என்று கிளாரன்ஸ் டூசோமின் குரல் கேட்டது. "ஏம்மா நோரீன், உசுரோடதான் இருக்கியா?"

"உன் சாவுக்கு வந்து சாப்பிடறவரைக்கும் இருப்பேன்யா."

"என் வீட்டுக்காரி சிமோன் சமையல்தான். நீ வராம இருக்கிறது உனக்கு நல்லது."

அவள் சிரிக்காமல் மறுபக்கத்துத் திருகுக்குக் கையை நீட்டினாள். ஒரு என்ஜினுக்கு நாலு திருகு. இது அவளுடைய பத்தாவது படகு.

ஏரியின் ஒரு பகுதியான ஜார்ஜியன் விரிகுடாவில் அக்டோபர் கடைசி வாரம். படகுகள் எல்லாம் கரையேறி, மரக்கட்டைகளின்மேல் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை இரவு மைனஸ் பதினொன்று என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. என்ஜினுக்குள் நிற்கும் ஏரித் தண்ணீர் உறைந்தால் இரும்பு பிளக்கும். உள்ளே என்ஜின் வைத்த படகுகள் நாற்பது. வேலைக்கு இரண்டே நாள், இரண்டே ஆள்.

அதற்கு முன், புதன்கிழமை மாலை, முதலாளி கிராண்ட் இருவரையும் ஷெட்டுக்குள் கூப்பிட்டு, மேஜைமேல் இரண்டு கேன்களை வைத்தான். ஒன்றில் ரோஸ் நிறத் திரவம். மற்றதில் ஊதா. இரண்டும் உறையாமல் காக்கும் மருந்துதான். கிராண்டுக்கு முப்பத்தாறு வயது. டொராண்டோவில் வீடு விற்றுக்கொண்டிருந்தவன், இரண்டு வருடத்துக்கு முன் இந்தப் படகுத்துறையை வாங்கினான். யாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவான்.

"ரோஸ்ல மைனஸ் ஐம்பதுன்னு போட்டிருக்கு. ஊதாவுல மைனஸ் நூறு, விலை ரெண்டு மடங்கு. இங்க என்னைக்காவது மைனஸ் ஐம்பது வந்திருக்கா?"

"என் மாமியார் வீட்டுல வரும்" என்றான் கிளாரன்ஸ்.

நோரீன் ரோஸ் கேனைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த நம்பர் தண்ணி கலக்காத மருந்துக்கு. என்ஜினுக்குள்ள ஏரித் தண்ணி நிக்குது. பாதிக்குப் பாதி கலந்துட்டா மைனஸ் பத்துக்கே தாங்காது. ரோஸ்தான் வாங்குறீங்கன்னா திருகைக் கழட்டித் தண்ணிய வடிச்சுட்டு ஊத்தணும். வடிக்க வேண்டாம்னா ஊதாவை வாங்கி, என்ஜினைச் சூடாக்கி, அப்புறம் ஊத்தணும். ரெண்டுல ஒண்ணு."

"வடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"படகுக்கு ஒரு மணி."

"சூடாக்க?"

"அது கால் மணிதான். ஆனா உறைஞ்சு குழாய் வெடிக்கும்னு நேத்தே தண்ணிய நிறுத்திட்டீங்களே. தண்ணி இல்லாம எப்படி ஓட்டுறது?"

கிராண்ட் ஊதாக் கேனை எடுத்துக் கீழே வைத்தான். "அப்ப ரோஸ். மருந்தை வாளியில ஊத்துங்க, என்ஜின் உறிஞ்சட்டும். எக்ஸாஸ்ட்ல ரோஸ் வந்தா அடுத்த படகு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் பேர்ல அதிகப் படகு இருக்கோ அவங்களுக்குக் குளிர்காலம் முழுக்க ஷெட்ல வேலை. ஒருத்தரைத்தான் வைக்க முடியும். எனக்குப் பாரபட்சம் பிடிக்காது."

அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. போன குளிர்காலத்தில் நோரீன் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மோட்டலில் அறை சுத்தம் செய்தாள். ஜூலையில் அந்த மோட்டலை மூடிவிட்டார்கள். ஊரில் குளிர்காலத்தில் விளக்கெரியும் கடைகள் நாலு. நாலிலும் கேட்டாகிவிட்டது. அவளுக்கும் மகளுக்கும் ஏப்ரல்வரை இருந்த ஒரே வழி அந்த ஷெட்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் கிளாரன்ஸ் முடித்த படகு ஒன்றில் ஏறினாள். அவனால் எப்படி இவ்வளவு வேகமாக முடிகிறது என்று அவளுக்குக் காலையிலேயே சந்தேகம். குனிந்து ஒரு திருகைக் கழற்றினாள். தண்ணீர் வந்தது. ரோஸ் இல்லை, கொஞ்சம்கூட இல்லை. சுத்தமான ஏரித் தண்ணீர், ஏரியின் குளிரோடு வந்தது. காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை வழியவிட்டாள்.

"என் படகுல உனக்கென்ன வேலை?"

கிளாரன்ஸ் ஏணியில் நின்றிருந்தான். கையில் சூப் பிளாஸ்க்.

"நீ ஒரு திருகுகூடத் தொடல."

"ரோஸ் வந்துச்சு. நான் பார்த்தேன்."

"சூடேறாத என்ஜின்ல வால்வு மூடியிருக்கும். ஊத்துறதெல்லாம் உள்ள போகாம சுத்திக்கிட்டு வெளிய வந்துடும். இது உனக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான்யா."

அவன் பிளாஸ்கைத் தளத்தில் வைத்தான். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி விரல்களை நீட்டினான். நடுக்கணுவரை மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன. இருபத்து மூன்று வருடம் அதிரும் தேய்ப்பு மெஷினைப் பிடித்த கை.

"குளிர் பட்டா செத்துடுது. சட்டைப் பொத்தானையே சிமோன்தான் போட்டுவிடுறா. இதுல எந்தத் திருகைக் கழட்டச் சொல்றே?"

"அதுக்காக இருபது என்ஜினை வெடிக்கவிடுவியா?"

"அவன் கேட்டது எத்தனை படகுன்னு. உள்ள என்ன இருக்குன்னு கேக்கல." கையுறையை மாட்ட முடியாமல் இரண்டு தடவை நழுவவிட்டான். "எனக்கு அறுபத்தொண்ணு. உனக்கு வேற எங்கயாவது குடுப்பாங்க. நீயும் என்னை மாதிரியே செய்யேன், யாரு வேண்டாங்கறா?"

அவள் கையுறையைப் பிடித்து மாட்டிவிட்டாள். பாட்டிலோடு இறங்கி நேராக ஆபீசுக்குப் போனாள்.

கிராண்ட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இது தண்ணி."

"ஆமா. மருந்து ஊத்தி முடிச்ச என்ஜின்ல இருந்து எடுத்தேன். இருக்கிற எல்லாத்தையும் திறந்து வடிக்கணும். இன்னும் ரெண்டு ஆளைக் கூப்பிட்டா ராத்திரிக்குள்ள முடிச்சுடலாம்."

"எக்ஸாஸ்ட்ல ரோஸ் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா..."

"நோரீன், நீங்க பின்தங்கி இருக்கீங்க. அது உங்களுக்கே தெரியும்." குரலில் கோபம் எதுவும் இல்லை. "முன்னாடி இருந்திருந்தா இந்தப் பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்திருப்பீங்களா?"

 ஈரச்சட்டை அவள் முதுகில் ஒட்டியிருந்தது.

"வந்திருப்பேனான்னு தெரியல. உள்ள தண்ணி இருக்கிறது தெரியும்."

"வெளிச்சம் ஆறு மணி வரைக்கும்தான் இருக்கும்" என்றான் கிராண்ட்.

அடுத்த படகில் அவள் வாளியை வைத்தாள். ரோஸை ஊற்றினாள். சாவியைத் திருப்பினாள். எண்ணி இருபது நொடியில் எக்ஸாஸ்ட் வழியே ரோஸ் கொட்டியது. கீழே சரளைக் கல்லில் ஓடிப் பரவியது. என்ஜினை நிறுத்தி, ஏணியில் ஒரு காலை வைத்துக் கீழே பார்த்தாள். கிளாரன்ஸ் இருபத்து நாலு என்று கத்தினான். இந்த வேகத்தில் மிச்சமிருந்த படகுகளையெல்லாம் அவளே மாலைக்குள் முடிக்க முடியும். அப்போதும் அவனை எட்ட முடியாது, ஆனால் மானம் போகாது.

ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். காலை எடுத்துவிட்டு மறுபடி என்ஜின் அறைக்குள் தலைகீழாகத் தொங்கித் திருகைத் தேடினாள்.

மாலை ஆறு மணிக்கு அவள் பேரில் பதினாலு. கிளாரன்ஸ் பேரில் இருபத்தாறு.  அவன் வந்து அவளுடைய கருவிப்பெட்டியை லாரிவரை தூக்கிக்கொண்டு போய் வைத்தான். இரவு மைனஸ் பதின்மூன்றுக்கு இறங்கியது.

நவம்பரில் தேவாலயக் கூடத்தைத் துடைக்கும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு காலை. ஜனவரியில் மகளின் பனி வண்டியை விற்றார்கள். எரிபொருளை மிச்சப்படுத்த ஒரு அறையை மூடிவிட்டு இருவரும் சமையலறைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி நடுவில் இரண்டு நாள் பனி இளகியது, உறைந்ததெல்லாம் உருகி ஒழுகியது. மளிகைக் கடையில் யாரோ சொன்னார்கள், துறையில் ஷெட் விளக்கு விடிய விடிய எரிகிறது என்று. மறுநாள் காலை நோரீன் அங்கே போனாள்.

ஷெட் கதவைத் திறந்ததும் அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. பதினொரு என்ஜின்கள் இறக்கிவைக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் பக்கவாட்டில் கையகல விரிசல் தெரிந்தது. முன்பின் தெரியாத இரண்டு மெக்கானிக்குகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கிளாரன்ஸ் அரைக்கைச் சட்டையில் நின்று துருவைத் துடைத்துக்கொண்டிருந்தான். சூட்டில் அவன் விரல்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தான்.

"வா, காபி குடி" என்றான்.

கிராண்ட் ஆபீசிலிருந்து வந்தான். "இந்த வருஷம் குளிர் அப்படி. படகுக்காரங்களுக்கெல்லாம் ரிப்பேர் செலவுக்கு லெட்டர் போட்டாச்சு. மே மாசம் வரைக்கும் மூச்சுவிட முடியாது."

"ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்."

"என்ஜின் பிரிக்கத் தெரிஞ்ச ஆளா பேரி நகரத்துலேருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"துடைக்க, தூக்க, பெயின்ட் அடிக்க?"

"அதுக்குக் கிளாரன்ஸ் இருக்காரே." அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தான். "உங்க படகு பதினாலும் நல்லா இருக்கு நோரீன். நேத்து இங்க இருந்தே பார்த்தோம், அடியில ஒரு சொட்டு ஒழுகல. அதுல எனக்குச் செய்ய எதுவுமே இல்ல."

கிளாரன்ஸ் காபிக் கோப்பையை நீட்டியபடியே நின்றான். அவள் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது. கோப்பையை ஒரு உடைந்த என்ஜின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கிளாரன்ஸ் முடித்த படகுகளுக்கு அடியில் பனி துருத் தண்ணீரில் செங்கல் நிறமாகியிருந்தது. அங்கிருந்து ஷெட் வாசல்வரை மெக்கானிக்குகளின் பூட்ஸ் தடங்களும் என்ஜின் இழுத்த வண்டியின் தடங்களும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கடைசி வரிசையில் அவளுடைய பதினாலு படகுகள் நின்றன. சுற்றிலும் முழங்கால் உயரப் பனி, வெள்ளைவெளேரென்று, ஒரு கால்தடம்கூட இல்லாமல்.