முழங்காலுக்கு ஒரு மெத்தை

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், அதை முதல்லயே சொல்லிடுறேன். அந்த பிசியோதெரபி பொண்ணு நான் தைச்ச மெத்தையை எடுத்துக் கீழ போட்டப்பவும் வந்துச்சு.

என் பொண்டாட்டி ஸ்கூல் பஸ் டிரைவர். இடது முழங்கால் தேஞ்சுபோய், ஆபரேஷன் பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு. ரெண்டு மாசத்துல கம்பெனி டாக்டர் பார்ப்பார். கால் முழுசா நீண்டாத்தான் கிளட்சை அடிவரைக்கும் மிதிக்க முடியும். நீளலேன்னா ஆபீஸ்ல உக்கார வச்சு போன் எடுக்கச் சொல்லிடுவாங்க. "போன் எடுக்கறதுக்கா இந்த வலியைப் பட்டேன்?"னு இப்பவே தினம் புலம்பல். பத்தொன்பது வருஷமா அந்த ஸ்டியரிங்தான் அவளுக்கு உசுரு.

நான் என்ன பண்ணுவேன்? சமைக்கப் போனா அடுப்பே அழும். தெரிஞ்ச வேலை ஒண்ணுதான், சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் மெத்தை தைக்கிறது. அவ ஆஸ்பத்திரியில தூங்கறப்ப நல்ல காலை டேப் வச்சு அளந்துட்டு வந்து, முழங்காலுக்கு அடியில கச்சிதமா உக்கார்ற மாதிரி ஒரு மெத்தை தைச்சேன். மூணு தடவை பிரிச்சேன். அடியில கெட்டி ஸ்பாஞ்ச், மேல மெதுவானது, வேர்க்காத பருத்தித் துணி. வீட்டுக்கு வந்து அதுல காலை வச்சதும் "அப்பாடா"ன்னு கண்ணை மூடினா பாருங்க, எனக்குத் தலைகால் புரியல. பத்து நாளா கால் அதை விட்டு இறங்கல.

அன்னைக்குத்தான் பிசியோதெரபி பொண்ணு முதல் தடவையா வீட்டுக்கு வந்துச்சு.

"இதை யாரு சார் வச்சது? முழங்காலுக்கு அடியில எதையும் வைக்கவே கூடாது. மடங்கியே கிடந்தா அப்படியே இறுகிப் போயிடும். பாருங்க, குதிகால் கட்டில்ல படுது, முழங்காலுக்குக் கீழ என் கையே நுழையுது."

"வச்சதா? தைச்சதும்மா! நான் தைச்சது!"ன்னு எகிறினேன்.

"டிஸ்சார்ஜ் பண்றப்பவே நர்ஸ் சொல்லியிருப்பாங்களே?"

நான் பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். இவ ஃபேனைப் பார்த்தா.

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "அறிவிருக்கா உனக்கு? பஸ்ஸு பஸ்ஸுன்னு உசுரை விடுறே, தெரிஞ்சேவா காலைக் கெடுத்துக்கிட்டே? ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன உன்னைக் கடிச்சா முழுங்கிடுவேன்?"

"கத்தாதீங்க. நம்ம வீட்டு சோபாவே எவனோ கஸ்டமர் வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. ஊருக்கெல்லாம் தைச்சீங்க. எனக்குன்னு அளவெடுத்துத் தைச்சது இது ஒண்ணுதான். அதைப் போய் வேண்டாம்னு எப்படிங்க சொல்வேன்?"

கீழ கிடந்த மெத்தையை எடுத்துத் தூசி தட்டினேன். வெக்கமா இருந்துச்சு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், ஒரு தலையணை உறைகூட அவளுக்குன்னு நான் தைச்சதில்ல.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. காதுல எதுவும் விழாத மாதிரி பையில எதையோ தேடிட்டு, அப்புறம் சொல்லுச்சு. "இன்னும் கெட்டுப் போகல சார். தினம் நாலு வேளை முழங்காலை மேலேருந்து மெதுவா அழுத்திப் பிடிக்கணும். வலிக்கும். பாவம் பார்த்தீங்கன்னா நிமிராது." எங்கே, எப்படின்னு காட்டிட்டுக் கிளம்பிடுச்சு.

நான் கட்டில் ஓரமா உக்காந்து கையை வச்சேன். தோல் சுட்டுது. தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பா இருந்துச்சு.

"அழுத்துங்க"ன்னா.

அழுத்தினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டா, கண்ணோரமா தண்ணி இறங்கிக் காதுக்குள்ள போச்சு. எனக்கும்தான் கண்ணு மறைச்சுது.

"போதும்டி, எடுத்துடறேன்."

"எடுத்துப் பாருங்க, தெரியும் சேதி!"

எடுக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா, "இறங்குச்சா?"

"ஒரு நூல் இறங்கியிருக்கு."

"இன்னும்"ன்னா.