சின்ன வலிகள்

எக்கோ திரையை டாக்டர் அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் அசையாமல் கிடந்தது.

"மாரடைப்புல இதயத்தோட இந்தப் பக்கத் தசை செத்துப்போச்சும்மா. உங்க வீட்டுக்காரர் முன்னாடி நெஞ்சுவலின்னு சொன்னாரா?"

"இல்லையே டாக்டர்."

பின்னால் நின்ற மூத்தவர், அவள் கணவனின் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே லேத் பட்டறை, பக்கத்துப் பக்கத்து மெஷின். போன வருஷம் மூத்தவருக்கு மாரடைப்பு வந்து, ஆறாம் நாள் எழுந்து நடந்தார். அதற்கு முன் விட்டுவிட்டு வந்த சின்ன வலிகளே இதயத்தைப் பழக்கிக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். பட்டறையில் அதைப் பதக்கம் வாங்கியதுபோல் சொல்லித் திரிந்தார்.

"எங்கிட்ட சொன்னான் டாக்டர்," என்றார் இப்போது. "ரெண்டு மாசமா இரும்பைத் தூக்கினா நெஞ்சை இறுக்குதுன்னான். 'விடுடா, உரமேறுது'ன்னு நான்தான் சிரிச்சேன்."

 டாக்டர் பேனாவை மூடினார்.

"உங்களுக்குச் சர்க்கரை இல்ல. இவருக்குப் பதினெட்டு வருஷமா இருக்கு. சின்ன வலிகள் தர்ற அந்தப் பாதுகாப்பை நாள்பட்ட சர்க்கரை கெடுத்துடும். எத்தனை தடவை வலிச்சாலும் இதயம் பழகிக்காது. மாரடைப்பு வலி தாடையிலகூட வரும்; யாரா இருந்தாலும் வலிச்சா உடனே வந்திருக்கணும்."

தாடையைத் தடவியபடி பல்வலி என்று அவன் படுத்திருந்த சாயங்காலங்கள் அவளுக்கு நினைவு வந்தன. கிராம்பு கொடுத்திருக்கிறாள். அதைக் கடித்துக்கொண்டு, "தேவலை" என்றிருக்கிறான்.

வராந்தாவில் மூத்தவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"உங்க பேச்சை அவரு என்னைக்கு மாமா தட்டியிருக்காரு?"

அதன்பிறகு ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் வந்து, வார்டு வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மூன்றாம் மாடிக்கு அவர்தான் தம்பியைக் கைத்தாங்கலாக ஏற்றினார். ஐந்தாம் படியிலேயே தம்பிக்கு மூச்சு இரைத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கியது.

"இருடா, எனக்கு முடியல," என்று மூத்தவர் படியில் உட்கார்ந்தார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பைகளோடு பின்னால் வந்த அவள் அவரையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்து சத்தமாக மூச்சு வாங்கினார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.