ஆழாக்குப் பால்

விடியுமுன்னே பெண்கள் கொட்டடியில் திருகைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு திருகைக்கு இரண்டு பெண்கள். எதிரும் புதிருமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே பிடியை நான்கு கைகளும் பற்றி இழுக்க வேண்டும். ஜெயில் முழுமைக்கும் கஞ்சி காய்ச்சக் கேப்பை மாவு இங்கிருந்துதான் போயிற்று. கேப்பையோடு மண்ணும் பொடிக்கல்லும் கலந்து வரும். புடைக்க முறம் தரமாட்டார்கள். கல் மாட்டிக்கொண்டால் திருகை உதறும். அந்த உதறல் மணிக்கட்டில் ஏறித் தோளில் போய்க் குத்தி நிற்கும். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறுமுன்னே அதே இடத்தில் இன்னொன்று எழும்பும். மாவில் ரத்தம் பட்டால் அன்றைக்குக் கஞ்சி கிடையாது.

கோமு ஒரு கையால்தான் இழுத்தாள். மறு கை மடியில் கிடந்த பிள்ளையைப் பிடித்திருந்தது. பிள்ளைக்கு வடிவு என்று பெயர். தவழ ஆரம்பித்த பருவத்தில் தாயோடு ஜெயிலுக்குள் வந்தவள், இப்போது தவழ்வதை விட்டுவிட்டாள். அழுவதற்கு வாய் திறப்பாள், சத்தம் வராது.

"நீ பிள்ளையப் பாருக்கா. நான் இழுத்துக்கிடுதேன்" என்றாள் எதிரே இருந்த பேச்சி. முக்கூடல் பக்கத்துக்காரி. பண்ணையார் களத்தில் ஒரு கட்டுக் கதிரை எடுத்ததற்காகத் தண்டனை பெற்றவள். அவளே நிறைசூலி. வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து அரைத்தாள்.

கோமு திருடவில்லை. பேட்டையில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் கொட்டை பிரித்துக்கொண்டிருந்தவள். புருஷன் நாறும்பூநாதன் அதே கிட்டங்கியில் பொதி ஏற்றுகிறவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், மாசிக் கடைசியில், சுதேசித் தலைவர்களைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் ஊர் முழுதும் கடையை அடைத்தது. கிட்டங்கி ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மண்ணெண்ணெய்க் கிடங்கு ஒன்று தீப்பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டது. கீழே விழுந்த நாறும்பூநாதனை ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் இடித்தபோது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற கோமு ஒரு கல்லை எடுத்து வீசினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. இருவருக்கும் ஜெயில் கிடைத்தது. புருஷன் ஆண்கள் பக்கம் தென்னை மட்டை அடித்து நார் எடுத்தான். அவள் இந்தப் பக்கம் கேப்பை அரைத்தாள். நடுவில் ஒரு மதில்.

ஜெயில் கஞ்சியில் கோமுவுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்குப் பசும்பால் கொடுத்தால்தான் தேறும் என்று டாக்டர் சொல்லிப் போனார். ஜெயில் ஆஸ்பத்திரிக்கென்று தினமும் பால் உள்ளே வரத்தான் செய்தது. ஜெயிலர் ஒரு வார்த்தை சொன்னால் அதில் ஒரு ஆழாக்கு இங்கே வரும். அவர் சொல்லவில்லை.

அன்று காலையில் அவரே கூப்பிட்டு அனுப்பினார். பெண் வார்டர் சாரம்மாள் கோமுவைக் கூட்டிக்கொண்டு போனாள். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த விதவை, அதிகம் பேசமாட்டாள். ஆபீஸ் வாசலில் மட்டும், "எதுக்கும் அவசரப்பட்டு வாயக் குடுத்துராத" என்றாள் தணிந்த குரலில்.

உள்ளே நாறும்பூநாதன் விலங்கோடு நின்றான். கைது ஆன பிறகு கோமு அவனை இப்போதுதான் பார்க்கிறாள். பொதி சுமந்த அந்தத் தோள்களா இவை? அவன் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையையே பார்த்தான்.

"என்னட்டி இது? இவ்வளவுதான் இருக்கா?"

கோமு பிள்ளையை அவன் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

ஜெயிலர் வெளியூர்க்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார். "நான் உங்களுக்கு விரோதி இல்லை. குழந்தையைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. முகம்மது சுல்தானைத் தெரியுமில்லையா?"

தெரியாமல் என்ன? பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையடைப்புக்கு ஊரைக் கூட்டியவர். இப்போது விசாரணைக் கைதியாக ஆண்கள் பக்கத்தில் இருந்தார். ஜெயிலர் நாறும்பூநாதன் பக்கம் திரும்பினார்.

"மண்ணெண்ணெய்க் கிடங்குக்குத் தீ வைத்தவன் அவன்தான் என்று நீ பார்த்ததாக ஒரு கைநாட்டு வை. இன்றைக்கே குழந்தைக்குப் பால். இந்த மாதமே மூன்று பேரும் வீட்டுக்குப் போகலாம்."

"அவரு அங்கன வரவே இல்லய்யா. குண்டடி பட்டவங்களைக் கடைக்குள்ள தூக்கிப் போட்டுத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கும் அவருதான் குடுத்தாரு" என்றான் அவன்.

"நான் கேட்டது அது இல்லை."

"கைநாட்டு வச்சா அவருக்கு என்ன ஆகும்?"

"அந்தமான். அது கோர்ட்டார் பாடு. நீ உன் குழந்தையின் முகத்தைப் பார்."

நாறும்பூநாதன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிள்ளையின் உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. விலங்கு குலுங்க வலது கையை மேஜைக்கு நீட்டினான். ஜெயிலர் மைப் பெட்டியைத் திறந்தார்.

கோமு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். நீரு கைய எடும்."

"பிள்ள போயிருமே, ஏளா!"

"நமக்குத் தண்ணி குடுத்த மனுசன். அவருக்கும் பிள்ளைக இருக்கு. இவளுக்கு நான் எப்படியாவது பால் வாங்கிருதேன். நீரு கைய எடும்."

அவன் கை மைப் பெட்டியின் மேலேயே நின்றது. எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. அவள்தான் அதைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஜெயிலர் மைப் பெட்டியை மூடினார். "நாளைக்கும் பெட்டி இங்கேதான் இருக்கும்" என்றார்.

கொட்டடிக்குத் திரும்பியதும் கோமு நடந்ததைச் சொன்னாள். திருகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் இன்பமணி, ராதாபுரம் பக்கத்துப் பனைக்காட்டுக்காரி. வரி பாக்கிக்காக வீட்டுப் பாத்திரங்களை வாரிக்கொண்டு போக வந்த ஆளைப் பாளை சீவும் அரிவாளால் வெட்டிவிட்டு ஆயுள் தண்டனைக்கு வந்தவள். சுதேசி என்றால் என்ன என்று அவளுக்குக் கோமு சொல்லித்தான் தெரியும்.

"எப்படியாவது வாங்கிருதேன்னு சொல்லிட்டு வந்திருக்கியே, எப்படி மக்கா வாங்குவ?"

"தெரியலக்கா."

இன்பமணி எழுந்தாள். பிறகு தன் திருகையின் மேல்கல்லைத் தூக்கித் தரையில் சாய்த்தாள்.

"நம்மகிட்ட இருக்கது இது ஒண்ணுதான். மாவு போகலன்னா ஜெயிலுக்குக் கஞ்சி இல்ல. பிள்ளைக்குப் பால் வரட்டும், பெறவு அரைப்போம்."

"அந்தப் பக்கம் நம்ம ஆளுகளும்லா பட்டினி கெடப்பாங்க?" என்றாள் ஒருத்தி.

"கெடக்கட்டும். எதுக்குன்னு தெரிஞ்சா கெடப்பாங்க."

மற்றவர்களும் கல்லைச் சாய்த்தார்கள். திருட்டுக்கு வந்தவள், கள்ளச் சாராயத்துக்கு வந்தவள், புருஷனுக்கு விஷம் வைத்தவள். எல்லாரும் மேல்கல்லை இறக்கிவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் ஜெயிலர் வந்தார்.

"இது என்ன கூத்து? நீ ஆயுள் கைதி. அரசியல் பேசுகிற கூட்டத்தோடு உனக்கு என்ன வேலை?"

"அரசியல் எனக்குத் தெரியாதுய்யா" என்றாள் இன்பமணி. "பிள்ள பாலுக்குச் சாவுது. அது தெரியுது."

"உன் நன்னடத்தைக் கழிவு அத்தனையும் போய்விடும். கிழவியாகி இங்கேயே சாவாய்."

"சரிய்யா. பால் எப்ப வரும்?"

அவர் முகம் முதல்முறையாகச் சிவந்தது. அன்றைக்குக் கஞ்சியை நிறுத்தினார். சாயங்காலம் குடிதண்ணீரையும் பாதியாகக் குறைத்தார். இருந்த தண்ணீரைப் பெண்கள் குடிக்கவில்லை. துணியில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் பிழிந்தார்கள். அந்தப் பக்கம் மாவு போகாததால் ஆண்களுக்கு ஊறவைத்த முழுக் கேப்பையைப் போட்டார்கள் என்று சாரம்மாள் சொன்னாள். காரணத்தை அவளே அங்கே சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பால் இருந்த அறையின் சாவி ஜெயிலரிடம் இருந்தது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் வடிவு கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள். கோமுவின் சுட்டுவிரலைப் பிடித்தாள். அந்தப் பிடி பைய நழுவியது. மறுபடி பிடிப்பாள் என்று கோமு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பேச்சிதான் முதலில் அலறினாள்.

கோமு அழவில்லை. இன்பமணியைப் பார்த்துக் கேட்டாள்:

"நான் அவர் கையைப் பிடிக்காம இருந்திருந்தா?"

சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்பமணி குனியவில்லை.

"பிள்ள பிழைச்சிருக்கும். இல்லன்னு நான் பொய் சொல்லமாட்டேன் மக்கா. ஆனா பால் இங்கனதான் இருந்துது. ஒரு மனுசன் பூட்டி வச்சிருந்தான். நெனைக்கும்போது அதையும் சேத்து நெனச்சுக்கோ."

ஜெயிலர் வந்து பார்த்தார். "நான் எவ்வளவோ சொன்னேன். நீதான் கொன்றாய்" என்றார். தோட்டியை விட்டு உடனே புதைத்துவிடும்படி உத்தரவிட்டார். தகப்பன் ஒருமுறை பார்க்கட்டும் என்று கோமு அவர் காலைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். சாரம்மாள் தன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தாள். சுற்றும்போது அவள் உதடு ஜெபத்தில் அசைந்தது.

பிள்ளையைக் கொண்டுபோன கதவு சாத்தப்பட்டதும் கோமு எழுந்து மதிலோரம் போனாள். அங்கே சத்தம் போடக்கூடாது என்பது சட்டம். அவள் தலைமுடியை அவிழ்த்து, மதிலில் கையை ஊன்றி, ஒப்பாரி எடுத்தாள்.

"நெல்லு விளையும் சீமையிலே – என் வடிவே
நீ பாலுக்குக் காஞ்சு போனியே!
கல்லு மதிலு ஒசரமின்னா – ஒன்னப் பெத்த
கண்ணாளன் காதும் கேக்கலியோ!"

அவ்வளவுதான் அவளால் பாட முடிந்தது. விட்ட இடத்திலிருந்து இன்பமணி எடுத்தாள். பிறகு பேச்சி. பிறகு எல்லாரும். மார்பில் அடித்துக்கொள்ளும் சத்தம் ஒரே சீராக எழுந்தது.

மதிலுக்கு அப்பால் மட்டை அடிக்கும் கொட்டாப்புளிகள் ஓய்ந்தன. பிறகு ஒரு குரல், கிழிந்துபோன குரல், மதில் ஏறி வந்தது.

"கேட்டுட்டேன் கோமு! கேட்டுட்டேன்!"

தடியடி விழும் சத்தம் கேட்டது. அவன் மறுபடியும் அதையே சொன்னான். மறுபடியும் அடி விழுந்தது. அப்புறம் அவன் குரல் நின்றது. வேறு பல குரல்கள் கிளம்பின. "அடிக்காதே!" என்றார்கள். அவற்றில் ஒரு குரல் முகம்மது சுல்தானுடையது என்று கோமுவுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் ஜெயிலர் கொட்டடிக்கு வந்தபோது கூடவே சிப்பாய்களும் வந்தார்கள். அவர் பழையபடி நிதானமாகப் பேசினார்.

"யாருக்காக உட்கார்ந்தீர்களோ அந்தக் குழந்தை இப்போது இல்லை. இனி இதில் அர்த்தம் என்ன? கல்லைப் பூட்டுங்கள். நடந்ததை நான் மறந்துவிடுகிறேன்."

யாரும் அசையவில்லை. இன்பமணி கோமுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு மக்கா. அரைக்கணும்னா அரைக்கோம். ஒருத்தரும் ஒன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

கோமு விடிய விடியப் பேசாமல் கிடந்தவள். கண் வீங்கவில்லை, முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. கூட்டத்தில் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்த பேச்சி அவள் கண்ணில் பட்டாள்.

கோமு எழுந்தாள். ஜெயிலருக்கு எதிரே போய் நின்றாள்.

"இவளுக்கு நாள் நெருங்கிட்டுதுய்யா. இங்கனதான் பெறப்போறா. அந்தப் பிள்ளைக்குப் பால்னு உத்தரவு எழுதும். பெத்தவளுக்கு அரிசிக் கஞ்சி எழுதும். கேப்பையைப் புடைக்க மொறம் குடும். அதுவரைக்கும் அரைக்கமாட்டோம்."

"நீ கேட்கிறாயா? இன்னுமா?"

"எனக்கு இனி என்னத்தை வச்சு ஆச காட்டுவீரு? அதனாலதான் நான் கேக்கேன்."

ஜெயிலர் திரும்பி, "இவளை இருட்டறையில் போடு" என்றார்.

சிப்பாய்கள் கோமுவின் கையைப் பிடித்தார்கள். இருட்டறை கொட்டடியின் கோடியில் இருந்தது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கவும் இடம் போதாது. அவளை உள்ளே தள்ளிய சிப்பாய் கதவை இழுக்குமுன் இன்பமணி அவன் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போய்விட்டாள். அவள் பின்னால் சாராயக்காரி போனாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். அவசரப்படவும் இல்லை, கத்தவும் இல்லை. தேருக்குப் போகிற கூட்டம்போல ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்துக்கொண்டு நெருக்கி நெருக்கி ஏறினார்கள். கடைசியில் பேச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கதவைச் சாத்து!"

சிப்பாய் இழுத்துப் பார்த்தான். கதவு பேச்சியின் தோளில் முட்டி நின்றது. சாத்த வழியில்லை. சாரம்மாள் கையில் இருட்டறைச் சாவியோடு நின்றாள். ஜெயிலர் அவளைப் பார்த்தார். அவள் நிறைசூலியைப் பார்த்தாள்.

"என்னால ஆகாதுய்யா" என்றாள்.

அப்போது மெயின் வாசலிலிருந்து ஒரு வார்டர் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஆண்கள் பக்கத்தில் ஒருத்தரும் இன்று கொட்டாப்புளியைத் தொடவில்லையாம். முகம்மது சுல்தான் அடிபட்ட நாறும்பூநாதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். சுற்றிலும் மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்களாம். பழைய திருடர்கள்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்களாம். ஜெயிலர் விறுவிறுவென்று அந்தப் பக்கம் நடந்தார்.

இருட்டறைக்குள் வேர்வையும் இருளும் மூச்சுமாக இருந்தது. அத்தனை உடம்புகளுக்கும் நடுவில் நெருக்குண்டு நின்ற கோமுவிடமிருந்து, வடிவு போன பிறகு முதல்முறையாக, ஒரு விம்மல் வந்தது. அது வந்ததும் நிற்கவில்லை. உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். விழுவதற்கு இடமில்லை, நாலு பக்கமும் தோள்கள் தாங்கிக்கொண்டன.

"அழட்டும், அழட்டும்" என்றாள் இன்பமணி. "எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கட்டி. அவளுக்குக் காத்து வரட்டும்."