இளைத்த உடம்பு

பூலாம்பாடியில் ஒருத்தி சதை போட்டால் வசதி வந்துவிட்டது என்பார்கள். இளைத்தாலோ, எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறாள் என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் அமிர்தவல்லி இளைத்துத் தொலைத்தாள்.

சர்க்கரை ஏறி, முழங்கால் வீங்கி, பருத்திக் காட்டில் குனியவே முடியாமல் போனபோது அவள் சுகாதார நிலையத்தில் காலையில் நடக்கும் யோகாவில் சேர்ந்தாள். நாலு பேர் முன்னால் காலை மடக்க முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிக்கொடுத்த அனிதா சோற்றையும் குறைக்கச் சொன்னாள். சில மாதங்களில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயின. சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் கை ஊன்றாமல் எழுந்தாள். டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். இத்தனை வயதுக்கு மேல் உடம்பு தன் பேச்சைக் கேட்பது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அதில் மண் விழுந்தது மகள் இலக்கியாவின் கல்யாணப் பேச்சில். கீழப்பழுவூர் மாப்பிள்ளை. இருவருக்கும் பிடித்துப்போய், தேதி குறிப்பதுதான் பாக்கி. அதற்குள் எந்தப் புண்ணியவானோ, பெண்ணின் அம்மாவுக்கு ஆளை உருக்குகிற வியாதி, மூடி மறைக்கிறார்கள் என்று அங்கே ஓதிவிட்டான். நாளைக்கு மகளுக்கும் வந்தால் என்ன செய்வது என்று பயந்து அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இலக்கியா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதை அமிர்தவல்லியால் பார்க்க முடியவில்லை.

கணவர் தங்கராசு ஒரு வழி கண்டுபிடித்தார். "கல்யாணம் முடியற வரைக்கும் யோகாவ வுட்டுரு. நல்லா சாப்ட்டு மூஞ்சிய தேத்து. அப்பறம் அவங்கள வரச் சொல்லுவோம்."

உலகத்தில் யாருக்கும் தோன்றாத வைத்தியம். மகளுக்காக அதையும் செய்தாள் அமிர்தவல்லி. பசிக்காதபோதும் சோறு, ராத்திரியிலும் சோறு. கன்னம் உப்பியது. கூடவே முழங்காலும் வீங்கியது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது.

தங்கராசு சொல்லி அனுப்ப, மாப்பிள்ளையின் அம்மா கண்ணகி வந்தார். அமிர்தவல்லியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. நன்றாகத் தேறிவிட்டீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தனக்கு மூட்டு வலி என்று கண்ணகி சொன்னதால் அவருக்கு மட்டும் நாற்காலி போட்டு, எதிரே சின்ன மேஜையில் இலை போட்டார்கள். நீங்களும் கூட உட்காருங்கள் என்று அவர் வற்புறுத்தியதால் அமிர்தவல்லி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எழுந்திருக்கும்போதுதான் முழங்கால் மக்கர் செய்தது. ஒரு கையை ஊன்றினாள், மறு கையையும் ஊன்றினாள். ஊகூம். தங்கராசு ஓடிவந்து தூக்க வேண்டியதாகிவிட்டது. அவர் ஏதோ சமாளித்துப் பேச ஆரம்பித்தார். அமிர்தவல்லிக்கு அந்த நாடகம் சலித்துவிட்டது.

"எளச்சிருந்தப்ப நான் நல்லாத்தாங்க இருந்தேன். நீங்க நோவுன்னு நெனச்சிட்டீங்களேன்னு தின்னு தின்னு இப்பதான் நோவ வரவச்சிருக்கேன்."

தங்கராசுவின் முகம் செத்துப்போனது. அடுப்படி வாசலில் நின்ற இலக்கியா உள்ளே நகர்ந்துகொண்டாள். மகள் வாழ்க்கையை நம் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று அமிர்தவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணகி நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி முயன்று ஒருவழியாக எழுந்து, நொண்டிக்கொண்டே அமிர்தவல்லியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"தரையில உக்காந்து சாப்ட்டு எனக்கும் வருசக்கணக்காச்சுங்க. ஒங்கள ஒரு வார்த்த கேக்காம ஊர் பேச்ச கேட்டது எங்க தப்பு. தேதிய குறிச்சிருவோம்" என்றவர், அவள் தோளில் கை வைத்தார். "கல்யாணத்துக்குள்ள பழையபடி எளச்சிருங்க, சம்மந்தி."